மூன்றாம் மாடி இணையத் தளம்

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெனர் அடிக்கும் கடை வைத்திருந்தவள் சுதர்ஷினி. டியூஷன் வகுப்பு, தேர்த் திருவிழா, மரண அறிவித்தல் எதுவானாலும் அவளுடைய மெஷினில் ஏறி இறங்கித்தான் ஊரில் தொங்கும். பியகமவில் தையல் ஃபெக்டரியில் பல வருஷம் கால் வீங்க நின்று சம்பாதித்து வாங்கிய மெஷின். புருஷன் கட்டாரில். மூன்று வயது மகளைத் தோட்டத்து லய வீட்டில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் இறங்கிக் கடை திறந்து, பின்னேர பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள்.

பெருந்தோட்டத் தகவல் ஒழுங்கமைப்பு அதிகாரசபையிலிருந்து பெனர் வேலை வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பதற்கில்லை. நான்கைந்து பெனர் அடிப்போம், கட்டிக் கொடுப்போம், வந்துவிடுவோம் என்று நினைத்தாள்.

அந்த அதிகாரசபை, மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் கட்டி வாடகைக்கு விட்ட மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு எந்தக் காரியத்துக்கு எந்த அரச கந்தோருக்குப் போக வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. அதைச் சொல்வதற்கு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தத் திட்டமே வந்திருந்தது.

பணிப்பாளர் நடராஜாவின் அறைக்குள் அவள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அப்பமும் ரொட்டியும் போடும் நூரியா. தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமையகம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து அனுப்பிய கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார்.

“மேற்படி இணையத் தளத்தின் அனைத்துப் பக்கங்களிலும் ஒரே சீரான பதாகையும், ஒரே சீரான வழிகாட்டும் உணவுப் பட்டியலும் அமைக்கப்படுதல் வேண்டும்.”

சுதர்ஷினிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “சார், இது வெப்சைட் வேலைங்க. பெனர்னு சொல்றது வெப்சைட்ல மேல வருமே, அதுங்க. மெனுன்னா சாப்பாடு இல்லீங்க, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போறதுக்கு...”

“வெப்சைட்டுனு இதுல எங்கம்மா இருக்கு?” என்றார் பணிப்பாளர்.

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். இல்லை.

“இணையத் தளம்னா என்ன? இன்டர்நெட் இருக்கிற தளம். இன்டர்நெட் பெட்டி எங்க இருக்கு? மூணாம் மாடியில. அந்தத் தளத்துக்கு எத்தனை பக்கம்? நாலு. இதுல உங்களுக்கு என்ன விளங்கலை?”

“கடிதம் பெயர்த்ததில பிழை போலங்க.”

விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் கேஷானி அதிர்ந்து நிமிர்ந்தாள். “அது அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்புங்க,” என்றாள் தாழ்ந்த குரலில், கோயிலுக்குள் செருப்போடு வந்தவளிடம் சொல்வதுபோல.

“அங்கீகரிச்சதுக்குப் பிறகு பிழை இருக்க முடியாது,” என்று முடித்துவைத்தார் பணிப்பாளர். “நான் இருபது வருஷமா சேவையில இருக்கேன். ஒரு தடவைகூட ஒரு கடிதத்தோட அர்த்தத்தைத் தேடிப் போனதில்ல. அதனாலதான் இந்த இடத்துல இருக்கேன்.”

அவள் வேலை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஒப்புக்கொண்ட பிறகு விலகினால் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும், பிரதேச சபை கடை உரிமத்தைப் புதுப்பிக்காது என்றாள் கேஷானி. நூரியா அவள் முழங்கையைத் தொட்டாள். “செய்வம் மகள். எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. ஆனா ரொட்டிண்டா எனக்குச் சுட ஏலும்.”

பணிகள் யாவும் தளத்திலேயே நடைபெற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆகவே மெஷினைக் கடையிலிருந்து கழற்றி, கயிறு கட்டி, ஆட்கள் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். ஏற்றி முடிந்த கையோடு அரச வளாகத்தில் விலைமதிப்புள்ள பொருள் வந்துவிட்டதென்று படிக்கட்டில் இரும்புக் கதவு போட்டு, கீழே ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். மெஷினை வெளியே எடுப்பதானால் பணிப்பாளர் கையெழுத்திட்ட வெளியேற்றச் சீட்டு வேண்டும். வேலை முடிந்தால்தான் சீட்டு. வேலை முடிந்ததா என்று சொல்ல வேண்டியவரும் பணிப்பாளர்தான்.

நான்கு பக்கங்களுக்கும் பெனர் அடித்தாள். பணிப்பாளர் கைகூப்பிச் சிரிக்கும் படம், பின்னால் தேயிலை மலை, மேலே அதிகாரசபையின் பெயர் மூன்று மொழிகளிலும். கிழக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். அதை மூடித்தான் கட்ட வேண்டியிருந்தது. வெளிச்சம் போயிற்று. பகலிலும் லைட் போட்டார்கள். பணிப்பாளர் வந்து நின்று நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மேற்குப் பக்கத்துல நான் கொஞ்சம் கவலையா இருக்கேனே.”

“ஒரே படந்தாங்க சார். துணி சுருங்கியிருக்கு.”

“பொதுமக்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் என் சந்தோஷம் ஒரே அளவுல இருக்கணும்.”

இழுத்துக் கட்டினாள். சீர் வந்தது. நான்கு பக்கமும் அச்சொட்டாக ஒன்றாய்ப் போனதில் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயிற்று. கணக்குப் பகுதியிலிருந்து மேலே வந்த ஒருவர் பணிப்பாளரின் சிரிப்புகளுக்கு நடுவே வெகுநேரம் சுற்றித் திரிந்து, கடைசியில் “யாராவது இருக்கீங்களா?” என்று கத்திவிட்டார். சுதர்ஷினி கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விட்டாள்.

நூரியாவின் பாடு இன்னும் மோசம். நான்கு பக்கத்திலும் ஒரே இடத்தில் ஒரே மேசை, அதில் ஒரே வரிசையில் ரொட்டி, சம்பல், பருப்பு, அப்பம். கிழக்குப் பக்கத்தில் ரொட்டி தீர்ந்தால் மற்ற மூன்று பக்கத்திலும் ரொட்டியைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சீர் கெட்டுவிடும். கடிதத்தில் இன்னோரிடத்தில் “கீழிறங்கும் உணவுப் பட்டியல்” என்று வந்திருந்ததால், ஒரு கூடையில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக முற்றத்துக்குச் சாப்பாடு இறக்கவும் அவளை விட்டார்கள். பெனரை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பணிப்பாளரின் கக்கத்துக்குக் கீழாகக் கூடையை இறக்குவாள். ஆங்கிலத்துக் “குக்கீ” கடிதத்தில் பிஸ்கட்டாகியிருந்ததால், வருகிறவர்கள் பிஸ்கட்டை ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்ட பிறகே உள்ளே விட வேண்டும் என்ற விதியையும் அவளே நிறைவேற்றினாள்.

“சீனி வருத்தம் உள்ளவங்க என்ன செய்ற?” என்று ஒருநாள் கேட்டாள்.

கேஷானி கடிதத்தைப் புரட்டினாள். “ஏத்துக்கிட்டா போதும்ங்க. திங்கணும்னு இல்ல.”

இத்தனைக்கும் நடுவே அந்தக் கடிதத்தில் ஒரேயொரு நல்ல வரி இருந்தது. தளத்தின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் வீட்டுக்குத் திரும்பும் வழி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அது. சுதர்ஷினி நான்கு பக்கத்திலும் அம்புக்குறி போட்டு, “வீட்டுக்குப் போகும் வழி” என்று பெரிதாக அச்சடித்து மாட்டினாள். அந்தக் கட்டடத்திலேயே ஜனங்களுக்கு விளங்கும்படி எழுதியிருந்தது அது ஒன்றுதான்.

திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, விளக்கேற்றி, பணிப்பாளர் பேசினார்.

“முன்பெல்லாம் ஒரு தோட்டத் தொழிலாளி இந்த அலுவலகத்துக்கு வந்தால் மேசைக்கு மேசை வேறு பதில் கிடைக்கும். ஒருவர் நாளைக்கு வா என்பார். ஒருவர் திங்கட்கிழமை வா என்பார். இந்தச் சீரின்மைதான் எம் மக்களை இவ்வளவு காலமும் பின்தள்ளி வைத்தது! இனி எந்தப் பக்கம் போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கும் என்று நான் உறுதி கூறுகிறேன்.”

நன்றாகக் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் சுதர்ஷினி வெளியேற்றச் சீட்டைப் பற்றி மெல்லக் கேட்டாள். பணிப்பாளர் கேஷானியைப் பார்த்தார். கேஷானி கடைசிப் பந்தியை வாசித்தாள்.

“தளம் எந்நேரமும் உயிருடன் இருத்தல் வேண்டும். உயிரற்றுப் போனால் ஒப்பந்தகாரரே பொறுப்பு.”

“அப்பிடின்னா?”

“எந்நேரமும் ஒரு உயிராவது மாடியில இருக்கணும்னு அர்த்தம்,” என்றார் பணிப்பாளர். “நீங்க ரெண்டு பேர். மாறி மாறி இருங்க. நான் மனுஷத்தன்மை இல்லாதவன் கிடையாது.”

“எத்தனை நாளைக்குங்க?”

“உயிருக்கு நாள் குறிக்க நான் யாரும்மா?”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒருநாள் சுதர்ஷினி மாடியில் படுப்பாள். மறுநாள் நூரியா. பகலில் இருவரும் இருக்க வேண்டும். ஒருத்தி பெனரின் தூசி தட்ட, ஒருத்தி மேசைக்கு. கடையைப் பூட்டியே வைத்ததில் டியூஷன் மாஸ்டர்மார் பலாங்கொடைக்குப் போய்ப் பெனர் அடிக்கத் தொடங்கினார்கள். நூரியாவின் இடத்தில் ஒருவன் கொத்து ரொட்டிக் கடை போட்டுவிட்டான். மகள் போனில், “அம்மா, நீங்க இன்னைக்கு வர்ற அம்மாவா, வராத அம்மாவா?” என்று கேட்டாள். சுதர்ஷினி போனை வைத்துவிட்டு நேரே பணிப்பாளரிடம் போனாள்.

“சார், எந்தப் பக்கத்துல நின்னாலும் வீட்டுக்குத் திரும்ப வழி இருக்கணும்னு கடிதத்துலயே இருக்குங்க. நாங்க போறோம்ங்க.”

பணிப்பாளர் கடிதத்தை வாங்கி, விரல் வைத்து, நிதானமாக வாசித்தார். “வழி தெரியணும்னுதான் இருக்கு. தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“போகணும்னு எங்கயும் இல்லையே.”

அவள் மாடிக்கு ஏறி வந்து, தான் அடித்த அம்புக்குறிக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதாள். நூரியா ஒரு ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். பிறகு எழுந்து போய் மற்ற மூன்று மேசையிலும் ஒவ்வொரு ரொட்டியைக் குறைத்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கூடை இறங்குவதைப் பார்த்து முற்றத்தில் நின்றவர்கள், மேலே கேட்டால் பதில் சொல்ல இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே, சேமலாப நிதிக்கு எங்கே, லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் என்று கேட்டார்கள். சுதர்ஷினிக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைப் போன் போட்டு விசாரித்துச் சொன்னாள். நூரியா சிங்களத்தில் பொளந்து கட்டுவாள். ஆகவே மாவட்டக் கச்சேரி அலுவலகத்தோடு போனில் பேசுவது அவள் வேலையாயிற்று. குருவிட்ட பக்கத்திலிருந்துகூடப் பஸ் ஏறி வந்தார்கள்.

பணிப்பாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“இது என்ன அநியாயம்! ஜனங்க சர்வசாதாரணமா உள்ள வர்றாங்க. காரியம் முடிஞ்சு போறாங்க. இப்பிடியே போனா நாளைக்கு இந்த அதிகாரசபை எதுக்குன்னு கேப்பாங்க. நாம என்ன பதில் சொல்றது?”

கேஷானி கடிதத்தில் தீர்வு கண்டாள். தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஓர் இலக்கமும் ஒரு விசேட குறியீடும் இருக்க வேண்டும். வாராவாரம் மாற்ற வேண்டும். அன்றிலிருந்து காவலாளி படிக்கட்டடியில் நின்று ஆளாளாய்க் காதைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கினான். அந்த வாரத்துச் சொல் “தேயிலைக்கொழுந்து ஏழு”, அதற்குப் பிறகு ஓர் ஆச்சரியக்குறி.

பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை திருத்த வந்த கருப்பாயி, அன்றைய கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவள், படிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

“தேயிலைக்கொழுந்து ஏழு,” என்றாள்.

“ஆச்சரியக்குறி?” என்றான் காவலாளி.

“அதை எப்பிடிங்க சொல்றது?”

“முகத்துல காட்டணும்.”

கருப்பாயி புருவத்தைத் தூக்கிப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். காவலாளிக்குத் திருப்தியில்லை.

“வரலீங்க தம்பி,” என்றாள் களைத்துப்போய். “இங்க வந்து வந்து எனக்கு ஆச்சரியமே வத்திப்போச்சு.”

மூன்று தடவை பிழை விட்டால் கதவடைப்பு. அவள் திரும்பிப் போனாள். மேலே ஜன்னலில் பெனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுதர்ஷினி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டிலிருந்து வந்து இறங்கி, காலைச் சாப்பாட்டுக்கு முன் மேலே பையை வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தாள். அந்த இடைவெளியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மாற்றிய அறிவித்தலை மாடிக்குள் ஒட்டியிருந்தார்கள்.

“தேயிலைக்கொழுந்து ஏழு,” என்று முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டினாள்.

“பழசு,” என்றான் காவலாளி. தினமும் அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பவன்.

“என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“அது ரெண்டாவது தடவை.”

“ஐயோ, என்னங்க இது!”

“ஆச்சரியம் நல்லா இருக்கு. சொல்லுதான் பிழை. மூணு முடிஞ்சிருச்சு.”

சத்தம் கேட்டு நூரியா படியிறங்கி ஓடி வந்தாள். “மகள், புதுசு இறப்பர்ப்பால் ஒம்பது, கேள்விக்குறி!” என்று கத்தினாள். கடவுச்சொல்லைப் பொது இடத்தில் உரத்துச் சொன்ன குற்றத்துக்காக அவளுக்கும் கதவடைக்கப்பட்டது.

தளம் உயிரற்றுப் போயிற்று. வரலாற்றில் முதல் தடவை. கேஷானி வெளிறிப்போய்ப் பணிப்பாளரிடம் ஓடினாள். ஒப்பந்தகாரர் இருவரும் உள்ளே போக விதியில்லை. உயிரோ உடனே வேண்டும். தலைமையகம் எந்த நிமிஷமும் போன் எடுக்கலாம். வேறு வழியின்றிப் பணிப்பாளர் நடராஜாவே, தன் உயிரை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

கீழே முற்றத்தில், மாமரத்தடியில் நின்ற இரண்டு பெண்களும், அவர் பின்னேரத்துக்குள் பைத்தியம் பிடித்து இறங்கி வந்து எல்லாவற்றையும் ரத்துச் செய்வார் என்று காத்திருந்தார்கள். பின்னேரம் வந்தது. அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவருடைய மேசையை மேலே கொண்டுபோனார்கள். பிறகு மின்விசிறியை. பிறகு சாய்வு நாற்காலியை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே சிரிக்கிற, கடவுச்சொல் இல்லாமல் ஒரு குஞ்சும் ஏறி வந்து கேள்வி கேட்க முடியாத ஓர் இடத்தை அவர் சேவைக் காலம் முழுவதும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பாட்டு மேசை நான்கு வேறு. “இப்படியொரு நிம்மதி கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா முதல்லயே தளத்தை உயிர்ப்பிச்சிருப்பேன்,” என்று அவர் சொன்னதாகக் கேஷானி பக்தியோடு சொன்னாள்.

“அப்ப என் மெஷின்?” என்றாள் சுதர்ஷினி.

“வெளியேற்றச் சீட்டுல பணிப்பாளர் கையெழுத்துப் போடணும்.”

“போடச் சொல்லுங்களேன்.”

“நீங்கதான் நேர்ல போய்க் கேக்கணும்.”

“எனக்குத்தான் கதவடைச்சிருக்கே.”

“ஆமாங்க,” என்றாள் கேஷானி, ஒரு கணக்குச் சரியாக வந்த திருப்தியோடு.

இரண்டு பெண்களும் நாளாந்தம் வந்து மாமரத்தடியில் நின்றார்கள். மெஷின் மேலே இருக்கும்போது வேறெங்கே போவது? உள்ளே இருந்தபோது வெளியே வர முடியவில்லை. இப்போது வெளியிலேயே மாட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிய ஜனங்கள் அவர்களைக் கண்டதும் நேரே மரத்தடிக்கே வந்து கேட்டார்கள். பழக்கதோஷத்தில் இவர்களும் பதில் சொன்னார்கள். கருப்பாயியின் பெயர்ப் பிழை அந்த மரத்தடியில்தான் ஒரு வழிக்கு வந்தது. இரத்தினபுரியில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று நூரியா சொல்லியனுப்ப, அவள் போய் அன்றைக்கே முடித்துக்கொண்டு வந்து பலகாரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இது மேலே தெரிந்துவிட்டது. ஒரு காலையில் கேஷானி புதுக் கடிதத்தோடு இறங்கி வந்தாள். சுதர்ஷினியும் நூரியாவும் அப்போதுதான் மரத்தடியில் வந்து நின்றிருந்தார்கள். ரோட்டில் சுதர்ஷினியின் தோட்டத்துக்குப் போகும் பஸ் புறப்பட ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

“மரத்தடியில அனுமதி இல்லாம வழிகாட்டல் நடக்குது,” என்று கேஷானி வாசித்தாள். “ஆகவே இவ்விடம் கிளைத் தளமாகப் பிரகடனப்படுத்தப்படுகிறது. அனைத்துப் பக்கங்களிலும் பதாகையும் உணவுப் பட்டியலும் அமைத்து, எந்நேரமும் உயிருடன் வைத்திருக்கும் பொறுப்பு திருமதி சுதர்ஷினியிடமும் திருமதி நூரியாவிடமும் ஒப்படைக்கப்படுகிறது. இதுல கையெழுத்து வைங்க.”

பேனையை நீட்டினாள். சுதர்ஷினி பேனையைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். பணிப்பாளரின் பெனர் காற்றில் லேசாக உப்பி, அடங்கியது. மகள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வார்த்தை விழுந்தது.

“நான் சுதர்ஷினி இல்லீங்க.”

கேஷானி அவளை உற்றுப் பார்த்தாள். மாதக்கணக்காக ஒரே மேசையில் ரொட்டி தின்றவள். “என்ன சொல்றீங்க?”

“சுதர்ஷினி இல்லைன்னு சொல்றேன்.”

“ஆளடையாள அட்டையைக் காட்டுங்க.”

“இல்லீங்க.” அது பையோடு மூன்றாம் மாடியில் இருந்தது.

கேஷானி யோசித்தாள். கண் முன்னால் நிற்பவள் சுதர்ஷினி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பதை வைத்து ஓர் அரச உத்தியோகத்தர் எப்படிச் செயற்பட முடியும்? அட்டையில்லாத ஒருவரிடம் உத்தியோகபூர்வக் கடிதத்தைக் கொடுத்தால் நாளைக்கு விசாரணை வரும். அவள் நூரியாவின் பக்கம் திரும்பினாள்.

“இவங்க சுதர்ஷினிதானே?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் நூரியா. “நானே நூரியா இல்லியே.”

கேஷானி கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்பப் போட்டாள். அவள் முகத்தில் கோபமில்லை. ஒழுங்கு பிசகவில்லை என்ற நிம்மதிதான் இருந்தது. “சரிங்க. அவங்க ரெண்டு பேரும் வந்தா, கந்தோர்ல வந்து சந்திக்கச் சொல்லுங்க.”

“கட்டாயம் சொல்றேங்க,” என்றாள் சுதர்ஷினி.

இருவரும் ஓடிப்போய் நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றினார்கள். இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வளைவு திரும்பியதும் கட்டடம் இறப்பர் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. நூரியாவுக்குத்தான் முதலில் மூச்சு வந்தது.

“மகள், உங்கட மெஷின்?”

சுதர்ஷினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது சுதர்ஷினியோடதுங்கக்கா,” என்றாள்.